கப்பலுக்குத் தெரியாத படகு

போனில் கப்பல் நடமாட்டம் காட்டும் ஆப்பைத் திறந்து ராத்திரியில் கடலூர் பக்கம் பாருங்கள். தூரத்தில் சில கப்பல்கள் அம்புக்குறிகளாக நகரும். கரையை ஒட்டி கிட்டத்தட்டக் காலி. ஆனால் தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, ராசாப்பேட்டை ஃபைபர் படகுகள் வலை விட்டுக்கொண்டு அங்கேதான் இருக்கும்.

அந்த அம்புக்குறிகள் ஏஐஎஸ் கருவி அனுப்புபவை; கப்பல் தன்னைத் தானே அடையாளம் காட்டும் கருவி அது. வெளிநாடு போய்வரும் 300 கிராஸ் டன்னும் (கப்பலின் கொள்ளளவுக் கணக்கு) அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் இது கட்டாயம். ஓடும் கப்பல் தன் பெயர், ஒன்பது இலக்க அடையாள எண் எல்லாவற்றையும் அவ்வப்போது சொல்லும். இருக்கும் இடம், வேகம், திசையை மட்டும் 2 முதல் 10 நொடிக்கு ஒருமுறை விஎச்எஃப் ரேடியோவில் அனுப்பிக்கொண்டே இருக்கும். எதிரே வருகிறவரின் திரையில், இரண்டும் எவ்வளவு நெருக்கத்தில் கடக்கும், அதற்கு இன்னும் எத்தனை நிமிடம் என்று கணக்கே வந்துவிடும். பெயர் தெரிவதால் வயர்லெஸில் பெயர் சொல்லியே கூப்பிடலாம். முன்பு "எனக்கு வலப்பக்கம் வருகிற கப்பலே" என்று கத்தினால் யார் பதில் சொல்கிறார் என்பதே குழப்பம்.

கருவி இருந்தால் மட்டும் போதாது, சரி. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே மோதிக்கொண்ட இரண்டும் இந்தக் கருவி கட்டாயமான பெரிய டேங்கர்கள்தான். கண்ணாலும் காதாலும் கவனிக்க வேண்டும் என்று 1972 கடல் விதிகளே சொல்கின்றன. ஆனால் தாழ்ந்த ஃபைபர் படகு ராடாரில் அலையோடு அலையாகக் கலந்துவிடும். சின்ன விளக்கை மட்டும் நம்பி எத்தனை பேர் தூங்குவது?

இப்போது படகுகளுக்கு அரசு தரும் இஸ்ரோ டிரான்ஸ்பாண்டர் நல்ல விஷயம். புயல் எச்சரிக்கை வரும், ஆபத்தென்றால் செய்தி அனுப்பலாம். ஆனால் அது செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு பேசும் கருவி. மேலே ஏறி வரப்போகிற கப்பலின் திரையில் அந்தப் படகு இருக்காது. கரையில் இருக்கும் அதிகாரிக்குத் தெரிந்து என்ன பிரயோசனம்?

என் கோரிக்கை எளிது. சின்னப் படகுகளுக்கென்றே ஏஐஎஸ் 'கிளாஸ் பி' இருக்கிறது; 2 வாட்தான். தாழ்ந்த படகிலிருந்து 5 கடல் மைல் எட்டினாலும், 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் வரும் கப்பலுக்கு 20 நிமிட அவகாசம். இதையும் மானியத்தில் சேர்க்க வேண்டும். கூட்டம் அதிகமானால் சின்னப் படகுகளைத் திரையில் மறைத்துவைக்கும் மாலுமிகளும் உண்டு; அதைத் துறைமுகங்கள் கண்டிக்கட்டும்.

படகு வைத்திருக்கும் என் மாமாவுக்கு இதில் இஷ்டமில்லை. "மீன்பாடு எங்கே இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்டா" என்கிறார். நியாயமான பயம்தான், அந்த ஆப்பை யாரும் பார்க்கலாமே! கடைசியில், வலையை விட்டுவிட்டு நீவாட்டோடு (கடல் நீரோட்டத்தோடு) போகும்போது, ஆட்கள் படுத்திருக்கும் நேரத்துக்கு மட்டும் போட்டுக்கொள்வதாக இறங்கி வந்தார். அந்த நேரத்துக்குத்தான் நானும் கேட்கிறேன்.