டிக்கெட்டுக்கு முன்னால் மைக்ரோசிப்

"வெளிநாடு போகிறோம், அவசரம், மூன்று வயது லேப்ரடார், நல்ல வீடு கிடைத்தால் இலவசமாகக் கொடுக்கிறோம்." இந்த மாதிரிப் பதிவுகளை இனி நான் பகிர்வதாக இல்லை. கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். ஏன் விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று கேட்டால், "பேப்பர் வொர்க் ரொம்பக் கஷ்டமாம், அங்கே உள்ளே விடமாட்டார்களாம்" என்பார்கள். யார் சொன்னது? பெரும்பாலான நாடுகளில் விடுவார்கள். டிக்கெட் போட்ட பிறகு ஓட ஆரம்பித்தால்தான் முடியாது.

என் அக்கா குடும்பம் ஜெர்மனி போனபோது அவர்கள் வீட்டுக் கருப்பனுக்கான அலைச்சல் முழுக்க என் தலையில் விழுந்தது. கருப்பன் சுத்தமான நாட்டு நாய். சர்டிபிகேட்டில் இனம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்றே ஒரு விவாதம் நடந்தது, அது தனிக்கதை. காகிதங்கள் ஒன்றும் அதிகமில்லை. எதற்குப் பின் எது என்கிற வரிசைதான் ஆளைப் படுத்திவிடும்.

முதலில் மைக்ரோசிப், அதாவது நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் கொண்ட சின்னச் சில்லு. அப்புறம்தான் ரேபிஸ் ஊசி. இந்த நாய்க்குத்தான் ஊசி போட்டார்கள் என்பதற்கு சிப்பில் உள்ள அந்த 15 இலக்க எண்தான் அத்தாட்சி. சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி, வருடம் தவறாமல் போட்டிருந்தாலும், ஐரோப்பிய ஒன்றியக் கணக்கில் சேராது. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். அதை அவர்கள் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்பி, எதிர்ப்பாற்றல் மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யு.வாவது (சர்வதேச அலகு) இருக்கிறது என்று முடிவு வாங்க வேண்டும். இதுதான் எல்லோரும் சொல்லும் டைட்டர் டெஸ்ட். முடிவு வந்ததும் கிளம்பிவிட முடியாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆக நாலு மாதம் ஓடிவிடும். கம்பெனியோ "அடுத்த மாதம் வந்து சேர்" என்கிறது. நாய் தெருவுக்கு வருவது இந்த இடைவெளியில்தான்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கோபப்படுகிறவர்களுக்கு: உலகில் ரேபிஸால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நம் நாட்டில்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்கள் பயப்படாமல் என்ன செய்வார்கள்? 2012-க்கு முன்பு நம் ஊர் நாய் பிரிட்டன் போனால் அங்கே ஆறு மாதம் தனிமைக் கூண்டில் கிடக்க வேண்டும். இப்போது அந்தக் காத்திருப்பு மூன்று மாதமாகக் குறைந்து, அதையும் நம் வீட்டுத் திண்ணையிலேயே கழிக்கலாம் என்றாகிவிட்டது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

எனக்கு ஆத்திரமெல்லாம் தடுப்பூசிப் புத்தகத்தின் மேல்தான். பல கிளினிக்குகளில் அதை மளிகைக்கடைப் பற்றுவரவு நோட்டாகத்தான் நடத்துகிறார்கள். கருப்பனின் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் பாதி கிழிந்து பேட்ச் எண் போய்விட்டது. இன்னொரு பக்கத்தில் 3 என்று எழுதி அதன் மேலேயே 8 ஆக்கியிருந்தார்கள். மருத்துவரின் பதிவு எண் எங்கேயும் இல்லை. நம் ஊரில் யாரும் இதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஜெர்மனியில் ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்தில் பார்ப்பார்கள். வேறொரு மருத்துவரிடம் சிப் போட்டு, ஸ்கேனரைப் பிடரியில் வைத்து வந்த எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்து, அதே நாளில் புது ஊசி போட்டுப் புதுப் புத்தகம் வாங்கினோம்.

கடைசிப் பத்து நாள் வேறு மாதிரி. ஐரோப்பிய ஹெல்த் சர்டிபிகேட் கையெழுத்தான நாளிலிருந்து பத்து நாளுக்குள் நாய் அங்கே தரையிறங்க வேண்டும். உள்ளூர் மருத்துவர் கையெழுத்து மட்டும் போதாது, அரசு கால்நடை மருத்துவரின் முத்திரை வேண்டும். சென்னைக்காரர்களுக்கு அது பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் விலங்கு தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையம். ஏஜென்ட்கள் இதைப் பெரிய மர்மம் மாதிரிப் பேசிப் பணம் கறப்பார்கள். கூண்டு, கார்கோ புக்கிங் இதற்கெல்லாம் ஏஜென்ட் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. தேதிக் கணக்கை மட்டும் அவர்களிடம் விடாதீர்கள்.

உண்மையாகவே கஷ்டமான நாடுகளும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேரே கொண்டுபோக முடியாது, நடுவில் அவர்கள் ஏற்கும் வேறு நாட்டில் மாதக்கணக்கில் தங்கவைக்க வேண்டும். அமெரிக்கா 2024 ஆகஸ்ட்டிலிருந்து ஆறு மாதம் நிரம்பாத குட்டிகளை விடுவதில்லை. பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான இனங்களை ஏற்றிக்கொள்ளப் பல விமான நிறுவனங்கள் மறுக்கின்றன. இப்படி மாட்டிக்கொண்ட நாய்களின் சொந்தக்காரர்கள் வேறு வீடு தேடினால் நான் குறை சொல்ல மாட்டேன், பகிரவும் செய்வேன்.

மற்றவர்கள், போவோமா மாட்டோமா என்று இன்னும் தெரியாவிட்டாலும், அடுத்த ரேபிஸ் ஊசி அன்றைக்கே முதலில் சிப்பைப் போடச் சொல்லுங்கள். ஐரோப்பாவுக்கு டைட்டர் டெஸ்ட் ஒருமுறை தேறிவிட்டால், பூஸ்டர் ஊசி ஒரு நாள்கூடத் தவறாதவரை, ஆயுசுக்கும் செல்லும். இன்பாக்ஸில் கேட்கிறவர்கள் எந்த நாடு, சிப் போட்ட தேதி, அதற்குப் பின் போட்ட ஊசியின் தேதி, இந்த மூன்றையும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.