சிப் முதலில், ஊசி பிறகு

கல்லடியில் எட்டு வருடமாக என் காலடியிலேயே கிடந்த பூனை சின்னியை பிரான்சுக்குக் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை, அதுவும் ஒரே ஒரு தேதியால். விசர்நோய்த் தடுப்பூசி போட்டு ஒரு கிழமை கழித்துத்தான் தோலுக்கடியில் மைக்ரோசிப் (அடையாள எண் உள்ள சின்னச் சிப்) வைத்தோம். சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி ஐரோப்பாவில் கணக்கில் வராதாம். ஊசி போட்ட இடத்தில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

சரி, மறுபடி ஊசி. அப்புறம் 30 நாளாவது பொறுத்து இரத்தம் எடுத்து, அவர்கள் ஏற்கும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, எதிர்ப்புச் சக்தி 0.5 அலகாவது இருந்தால்தான் சரிவரும். அதற்கும் மேல், இரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்தச் சோதனையும் காத்திருப்பும் வேண்டாத நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை.

எனக்கு டிக்கெட் அடுத்த மாதம்.

விசர்நோய் பொல்லாதது, விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சிப் முதலில் என்பதை ஊசிக் கார்டிலேயே பெரிதாக அடித்துவிட்டால் என்ன? ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து, மீன் தலை வைத்தும் வெளியே வராமல் கிடந்தாள் சின்னி. அவளுக்கு மறுபடியும் ஊசி. நான் போன பிறகு அம்மாதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.