வாளிக்கு இருக்கைப் பட்டி

மருமகள்: மாமா, பின்னிருக்கையில் இருக்கும் இந்த வாளிக்கு இருக்கைப் பட்டி போட்டது யார்?

மாமா: நான்தான், பிள்ளை. உள்ளே தூண்டிலில் இரையாகப் போட மூன்று டசின் மீன்குஞ்சுகள் உயிரோடு இருக்கின்றன. சென்ற சனிக்கிழமை சிம்கோ ஏரிக்கரையில் வாங்கி, ஒரு கிழமையாக நிலவறையில் காற்றுக்குழாய் வைத்து, உன் மாமி எனக்குத் தேநீர் தரும் ஒழுங்கைவிட மேலான ஒழுங்கோடு தண்ணீர் மாற்றி வளர்த்து வைத்திருக்கிறேன். வடக்கே குடிலுக்குப் போய்ச் சேரும்வரை ஒன்றுகூடச் சாகக் கூடாது.

மருமகள்: செத்தாலும் கொண்டுபோகக் கூடாது, மாமா. கனடாவின் இந்த ஒன்ராறியோ மாகாணத்தை நான்கு இரை மண்டலங்களாகப் பிரித்து 2022 ஜனவரி 1 முதல் விதி நடைமுறையில் இருக்கிறது. நாங்கள் போகும் குடில் அடுத்த மண்டலத்தில் இருக்கிறது. இரைமீனையும் அட்டையையும், உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும், மண்டல எல்லையைத் தாண்டி எடுத்துச் செல்ல முடியாது.

மாமா: மீனைத் தடுத்தது சரி. அட்டையை எதற்காகத் தடுக்கிறார்கள்? வழியில் எனக்கு நெஞ்சு நோவு வந்தால், சுகாதார அட்டை இல்லாமல் வைத்தியசாலையில் எதைக் காட்டுவது?

மருமகள்: அந்த அட்டை இல்லை, மாமா. ஊரில் வயலுக்குள் இறங்கினால் காலில் ஏறிக் கடிக்குமே, அந்த அட்டை.

மாமா: அதை இரையாகப் போடுகிறார்களா? இரணைமடுத் தண்ணீர் பாய்ந்த வயலில் என் காலில் ஏறியவற்றுக்கு உப்புப் போட்டே ஒரு மூடை உப்பு முடிந்திருக்கும். அதை இங்கே காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்றால், இவ்வளவு காலமும் நான் ஒரு தொழிலைக் காலிலே வைத்துக்கொண்டு தெரியாமல் இருந்திருக்கிறேன்.

மருமகள்: இரைக்கு விற்பது வேறு இனம், அது மனித இரத்தம் குடிப்பதில்லை. பருத்த பக்கத்து உறிஞ்சியில் தூண்டில் முள்ளைக் கோத்துவிட்டால், நாடாவைப் போல நெளிந்து நெளிந்து நீந்தும். பிக்கரல் மீன் அந்த நெளிவைக் கண்டால் விடாது. ஒருவர் 120 அட்டை வரைக்கும் வைத்திருக்கலாம்.

மாமா: நூற்றிருபது அட்டையா! எனக்கு ஒன்றுகூடத் தேவையில்லை என்று அல்லவா சொன்னார்கள்? அறுபத்தைந்து வயது தாண்டியவனுக்கு மீன்பிடி அட்டை வேண்டாம், பிறந்த திகதி போட்ட அடையாள அட்டை இருந்தால் போதும் என்று உன் புருஷன்தானே விளக்கினான்.

மருமகள்: மறுபடியும் அட்டை மாறிவிட்டது. அவர் சொன்னது காட்டுகிற அட்டை; நான் சொல்வது கோக்கிற அட்டை. உரிமம் வேண்டாம் என்றால் விதியும் வேண்டாம் என்று பொருளில்லை. அதிகாரி வந்து வாளியைத் திறந்தால், உங்கள் வயதை எண்ண மாட்டார், குஞ்சுகளைத்தான் எண்ணுவார். அதற்கும் எல்லை 120.

மாமா: என்னிடம் முப்பத்தாறுதான் இருக்கின்றன. ஆகவே நான் எண்பத்துநான்கு குஞ்சு அளவுக்கு நல்லவன்.

மருமகள்: எண்ணிக்கையில் நல்லவர், எல்லையில் குற்றவாளி.

மாமா: நீ அளவுக்கு மீறிப் பயப்படுகிறாய். கடைக்காரன் தந்த பற்றுச்சீட்டு என் சட்டைப் பையில் இருக்கிறது. வேறு மண்டலத்துக்குப் போனால் பற்றுச்சீட்டு வைத்திருக்க வேண்டும், இரண்டு கிழமை தவணை உண்டு என்று கடைச் சுவரில் ஒட்டியிருந்ததை நானே வாசித்தேன். இரண்டு கிழமைக்குள் மிஞ்சியதைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிவிடுவேன்.

மருமகள்: மாமா, அது மீன்குஞ்சு; குளிரங்கி அல்ல.

(பனிக்காலம் முழுவதும் உடுத்திய குளிரங்கியை ஏப்ரலில் கடையில் திருப்பிக் கொடுத்து முழுக்காசையும் பெற்ற மாமாவின் சாதனை, ஸ்காபரோவில் எங்கள் உறவுக்குள் இன்னும் பேசப்படுகிறது.)

மாமா: அப்படியானால் இரண்டு கிழமை எதற்கு?

மருமகள்: நீங்கள் வாழும் மண்டலத்துக்கு வெளியே மீன்பிடிக்கப் போனால், இரைமீனையும் அட்டையையும் அங்கேயே, உரிமம் பெற்ற கடையில் வாங்க வேண்டும், அங்கே வாங்கியதற்குச் சான்றாகத்தான் பற்றுச்சீட்டு. வாங்கிய நாளிலிருந்து இரண்டு கிழமைக்குள் பயன்படுத்தி முடிக்க வேண்டும், அல்லது ஒழுங்காக அகற்றிவிட வேண்டும். இங்கே வாங்கியதை அங்கே கொண்டுபோக எந்தச் சீட்டும் உதவாது.

மாமா: பிள்ளை, நான் 1990 ஆம் ஆண்டு இந்த நாட்டில் வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தது பாதிக் கடவுச்சீட்டு. மீதியை விமானத்தின் கழிப்பறையில் கிழித்துப் போட்டிருந்தேன். என்னையே உள்ளே விட்டவர்கள், இரண்டு அங்குலக் குஞ்சிடம் பத்திரம் கேட்பது நியாயமா?

மருமகள்: அதே 1990 இல் பத்திரமில்லாமல் வந்த இன்னொருவரும் இருக்கிறார், மாமா. கோபி.

மாமா: எந்தக் கோபி? சீட்டுப் பிடித்துவிட்டுக் காணாமல் போனானே, அவனா?

மருமகள்: கோபி என்ற மீன். கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்து மீன். கப்பல்கள் சமநிலைக்காக அடியில் நிரப்பி வரும் தண்ணீரோடு வந்து, அந்த ஆண்டு சென். கிளெயார் ஆற்றில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு பேரேரிகள் எங்கும் பரவி, மற்ற மீன்களின் முட்டையைத் தின்கிறது. அதை இரையாகப் போடவே கூடாது. அந்த இனம் புதிய ஏரிகளுக்குப் போகும் வழிகளில் ஒன்று, உங்களைப் போன்ற ஒருவரின் இரை வாளி.

மாமா: என்னோடு வந்தவன் ஏரியையே பிடித்துவிட்டான், நான் இன்னும் வீட்டுக்கடன் கட்டுகிறேன்.

(வாளிக்குள் ஒரு குஞ்சு துள்ளி மூடியில் மோதியது. மாமா இருக்கைப் பட்டியைச் சற்று இறுக்கினார்.)

மாமா: சரி, ஓர் உடன்பாட்டுக்கு வருவோம். கொண்டுபோய்ப் பயன்படுத்திவிட்டு, மிஞ்சுகிற குஞ்சுகளை மாலையில் ஏரியிலேயே விட்டுவிடுகிறேன். உயிருக்கும் நன்மை, எனக்கும் புண்ணியம்.

மருமகள்: மாமா, சென்ற கோடையில் படகுத்துறையில் நீங்கள் அப்படித்தான் வாளியைக் கவிழ்த்தீர்கள். கோயில் குளத்தில் பொரி போட்டவரைப் போல ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றீர்கள். பக்கத்தில் நின்ற உங்கள் நண்பர் கும்பிடவும் செய்தார். பகல் முழுவதும் முப்பது குஞ்சுகளின் முதுகில் முள்ளைக் குத்தும்போது வராத கருணை, மாலையில் வாளியைக் கழுவ வேண்டிய நேரத்தில் மட்டும், மிஞ்சிய ஆறு குஞ்சுகள்மேல் எப்படி வருகிறது?

மாமா: கழுவுகிற அலுப்பும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை.

மருமகள்: அந்த ஆறு குஞ்சுகளோடு நோயும் போகும். மீனின் உள்ளுறுப்புகளில் இரத்தம் கசிய வைத்துக் கொல்லும் வைரஸ் ஒன்று 2005 இல் பேரேரிகளில் கண்டுபிடிக்கப்பட்டது. 2011 இல் நீங்கள் வாங்கிய அதே சிம்கோ ஏரியிலும் இருப்பது தெரிந்தது. நோயைக் காவுகிற குஞ்சு பார்வைக்கு நலமாகவே இருக்கலாம். ஆகவே மீனை மட்டுமல்ல, வாளித் தண்ணீரைக்கூட ஏரியில் ஊற்றக் கூடாது. கரையிலிருந்து முப்பது மீற்றருக்கு அப்பால் தரையில்தான் ஊற்ற வேண்டும்.

மாமா: இந்த முழங்காலோடு முப்பது மீற்றர் வாளி சுமப்பதற்கு, மீன் சந்தைக்கே போகலாம்.

மருமகள்: இறுதியில் அங்கேதானே ஒவ்வொரு முறையும் போகிறோம்.

மாமா: அந்தக் கதையை விடு. தவளை போடலாமா? ஊரில் விராலுக்குத் தவளையைவிட நல்ல இரை இல்லை.

மருமகள்: சிறுத்தைப் புள்ளித் தவளை என்ற ஒரே இனம், அதிலும் பன்னிரண்டு மட்டும். நண்டு போல இருக்கும் கிரேஃபிஷ் முப்பத்தாறு. ஆனால் பிடித்த ஏரியிலேயே அதைப் போட வேண்டும், தரைவழியாக எங்கும் கொண்டுபோகக் கூடாது. அல்கொன்குயின் பூங்காவுக்குள் போனால் உயிருள்ள இரைமீன் அறவே கூடாது. நீங்கள் பிடிக்கப் போவது பேர்ச் மீன். அதற்கு மண்புழுவே போதும், துண்டாக நுள்ளி முள்ளின் நுனி மறையக் கோத்தால் சரி. கெண்டை இனத்துக்கு அவித்த சோளம், கெளிறுக்குக் கோழி ஈரல். இவற்றுக்கு எந்த மண்டலமும் தடையில்லை.

மாமா: மண்புழுவாவது இந்த மண்ணின் மைந்தன், அதனிடம் யாரும் பத்திரம் கேட்க மாட்டார்கள்.

மருமகள்: தூண்டிலுக்கு விற்கும் அந்தப் பெரிய புழுவும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். பனியுகத்துப் பனிப்பாளம் மூடிக்கிடந்த இந்த நிலத்துக்குப் பெரும்பாலான மண்புழுக்கள் பின்னர் வந்தேறியவை. மிஞ்சியதைக் காட்டுக்குள் கொட்டினால், அங்கே உதிர்ந்த இலைப் படுக்கையைத் தின்று தீர்க்கும். அதனால் மண்ணோடு சேர்த்துக் குப்பைப் பையில் கட்டிப் போட வேண்டும்.

மாமா: கோபி வந்தான், புழு வந்தது, நான் வந்தேன். உண்மையில் இங்கே பிறந்தவர் யார்தான் இருக்கிறார்?

மருமகள்: இந்த முப்பத்தாறு குஞ்சுகள், மாமா. அவைதான் வெளியூர் போகக் கூடாது என்கிறார்கள்.

(மாமா நீண்ட நேரம் வாளியைப் பார்த்தார். பிறகு பட்டியைக் கழற்றி, குழந்தையைத் தூக்குவது போல வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார்.)

மருமகள்: எங்கே கொண்டுபோகிறீர்கள்?

மாமா: நிலவறைக்கு. அடுத்த கிழமை சிம்கோவுக்கே போவோம். அதுவரைக்கும் தண்ணீர் மாற்றும்படி உன் மாமியிடம் சொல்ல வேண்டும். அதை நீ சொல்வது நல்லது. குடிலுக்குப் பக்கத்திலும் இரைக்கடை இருக்கிறதா?

மருமகள்: இருக்கிறது. உரிமம் உள்ள கடை.

மாமா: அங்கே அட்டை வாங்கலாமா?

மருமகள்: வாங்கலாம்.

மாமா: அட்டையால் வாங்கலாமா?

மருமகள்: கடன் அட்டையும் எடுப்பார்கள், மாமா. பற்றுச்சீட்டை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

மாமா: மறப்பேனா? இரண்டு கிழமைக்குள் பிக்கரல் ஒன்றும் கடிக்காவிட்டால், அந்தச் சீட்டைக் காட்டித்தானே நான்...

மருமகள்: மாமா!