பிரேக் டிஸ்க் பெரிதானால் வண்டி சீக்கிரம் நிற்குமா?
ஜீப் கிராண்ட் செரோகி எஸ்ஆர்டி எஸ்யூவியில் டிஸ்க்கை இன்னும் பெரிதாக மாற்றினால் நிற்கும் தூரம் வெகுவாகக் குறையும் என்ற கட்டுரையின் வாதத்தை ஏற்க முடியவில்லை. கம்பெனியே முன்னால் 6 பிஸ்டன் கொண்ட பிரெம்போ காலிப்பர் (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) கொடுத்திருக்கிறது. ஓங்கி மிதித்ததும் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) துடிக்கிறது என்றால் பிரேக்கில் பலம் போதும் என்றுதான் அர்த்தம், அதற்கு மேல் டயரின் பிடிமானம்தான். பெரிய டிஸ்க் சூட்டைத் தாங்கும், அவ்வளவே. அந்தச் சூட்டிலும் முதலில் கைவிடுவது பெரும்பாலும் பழைய பிரேக் ஆயில். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகி பெடல் அமுங்கும். அண்ணனுடைய எஸ்யூவியில் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கியபோது பெடல் அமுங்கிக்கொண்டே போனது. வீட்டில் காலிப்பரின் நிப்பிளில் (ஆயிலை வெளியேற்றும் திருகில்) குழாய் மாட்டித் திறந்தால், டிகாக்‌ஷன் நிறத்தில் ஆயில், நடுநடுவே காற்றுக் குமிழிகள். நிறம் தெளிந்து குமிழி நிற்கும்வரை நான் மிதிக்க, அண்ணன் அந்த நிப்பிளைத் திறந்து மூடினார். அதே டிஸ்க், அதே பேட், பெடல் கல்லாக நின்றது. அப்புறம், மேலே கருத்துகளில் ஒரு நண்பர் டாட் 5 ஊற்றச் சொல்கிறார். தயவுசெய்து வேண்டாம். அது சிலிக்கான், டாட் 4-உடன் கலக்கக் கூடாது. டாட் 5.1 சிலிக்கான் இல்லை, அதைத் தாராளமாக ஊற்றலாம்.