நாணை இறுக்கினால் வில்லின் வலு கூடாது

நாணைக் குட்டையாக்கி இறுக்கிக் கட்டினால் 30 பவுண்டு இழுவிசை கொண்ட மரவில் 45 பவுண்டு ஆகிவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை யாரும் செய்து பார்க்காதீர்கள்.

இழுவிசை, அதாவது வில்லை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசை, மரத்தின் விறைப்பிலிருந்து வருவது. நாணைக் குறுக்கினால் இழுவிசை சிறிதளவுதான் கூடும். ஆனால் வில் ஓய்வில் இருக்கும்போதே அதிகமாக வளைந்து நிற்கும், நாளடைவில் அந்த வளைவு நிரந்தரமாகிவிடும். நாண் அம்பைத் தள்ளிச் செல்லும் தூரமும் குறையும். வில்லின் கைப்பிடிக்கும் நாணுக்கும் இடைவெளி 6 அங்குலம் என்றால் 28 அங்குல இழுப்பில் தள்ளும் தூரம் 22. இடைவெளியை 8 ஆக்கினால் 20தான்.

சரி, உண்மையில் என்ன செய்யலாம்? இரு நுனிகளிலும் அரை அங்குலம், ஒரு அங்குலம் என்று சமமாக வெட்டி, நாணை மாட்டும் பள்ளமான நாண்வெட்டைப் புதிதாகப் போடலாம். வில் குட்டையாகும்போது விறைப்பு கூடும். ஆனால் அதே 28 அங்குலம் இழுத்தால் மரம் முன்பைவிட அதிகம் வளைய வேண்டும், ஏற்கெனவே குட்டையான வில் முறிந்துவிடும். இன்னொரு வழி, அம்பு எய்பவரைப் பார்க்கும் உட்புறத்தை மட்டும் கருக்காமல் பொறுமையாகச் சூடாக்குவது. இழுக்கும்போது அமுங்குவது அந்தப் பக்கம்தான், சூடு அதை விறைப்பாக்கும். அப்புறம் மரத்தில் மீண்டும் ஈரப்பதம் ஏறச் சில நாள் காற்றில் விட்டுவிட்டுத்தான் வளைக்க வேண்டும். சூட்டில் உலர்ந்த மரம் சட்டென்று முறியும்.

விறைப்பு தடிமனின் முப்படிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப மாறும். தடிமனில் பத்தில் ஒரு பங்கைச் சீவினாலே விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். அடுத்த வில்லாவது வலுக் குறையாமலிருக்க, உளியைச் சீக்கிரம் நிறுத்துங்கள்.