வக்கீல் சஸ்பெண்ட் ஆனாலும் பணம் திரும்ப வராது
வக்கீல் மீது புகார் கொடுப்பது கிணற்றில் போட்ட கல் என்று கட்டுரையில் எழுதியிருப்பது சரியில்லை, 1961 வழக்கறிஞர்கள் சட்டத்தின் 36பி பிரிவுப்படி மாநில பார் கவுன்சில் (வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் புகார் தானாகவே இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும், கண்டிப்பு, சஸ்பெண்ட், வக்கீல் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம் வரை தண்டனையும் உண்டு. ஆனால் பணம்? மேலூர் பக்கம் எங்கள் சித்தப்பாவின் விபத்து வழக்கில் ஒரு வக்கீல் எழுதாத பேப்பர்களில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, இழப்பீடு வந்ததும் பாதிக்கு மேல் ஃபீஸ் என்று எடுத்துக்கொண்டார். அவர் சஸ்பெண்ட் ஆனாலும் அந்தத் தொகைக்குத் தனியாகத்தான் அலைய வேண்டும். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறார், அந்த வழியை 2024 மே மாதமே உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது. சித்தப்பாவின் பாஸ்புக்கில் பணம் எடுத்த பதிவு இருந்ததால்தான் புகாரே எழுத முடிந்தது, ரசீது ஒன்றுகூட அவரிடம் இல்லை.