சர்நேம் கட்டத்தில் சாதியை எழுதாதீர்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்துப் பதினேழு வருஷம் ஆகிறது. போர்டில்தான் ஜெராக்ஸ். பாதி வேலை விண்ணப்பம் நிரப்புவது. பான் கார்டு, பாஸ்போர்ட், கல்லூரி அட்மிஷன், ஸ்காலர்ஷிப். இத்தனை வருஷத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "அக்கா, சர்நேம்னு கேக்குதே, இன்னா போடறது?"

போன வாரமும் ஒருவர் கேட்டார். பிளஸ் டூ முடித்த மகளுக்கு பாஸ்போர்ட் எடுக்க வந்திருந்தார். அப்பா பெயரை விரித்துப் போட்டுவிடலாம் என்று வழக்கம்போலச் சொன்னேன். அவர் தயங்கினார். செல்போனை எடுத்து, பழுப்பேறிய ஒரு கல்யாணப் பத்திரிகையின் படத்தைக் காட்டினார். அவருடைய தாத்தா கல்யாணத்துக்கு அடித்தது. தாத்தா பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம். "இதையே போட்ரு அக்கா. வடக்குல எல்லாரும் வெச்சிருக்காங்க, நமக்கு மட்டும் ஏன் இல்ல?" என்றார். மகள் ஒன்றும் பேசாமல் ஆதார் அட்டையின் பிளாஸ்டிக் உறையை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள். வரிசையில் ஆறு பேர் காத்திருந்தார்கள், நின்று பேச முடியவில்லை. யோசித்துவிட்டு நாளைக்கு வாங்க அண்ணா என்று அனுப்பிவிட்டேன். நாலைந்து வருஷமாக இப்படிக் கேட்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். அதனால் அவரிடம் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

வடக்கே எல்லாரும் வைத்திருப்பது என்ன என்று முதலில் பார்ப்போம். தங்கசாலைத் தெரு வழியாகப் போனால் சௌகார்பேட்டை, மார்வாடி, குஜராத்திக் குடும்பங்கள் நிறைய இருக்கும் இடம். அங்கிருந்து வருகிறவர்கள் இந்தக் கட்டத்தில் ஒரு நொடிகூட நிற்பதில்லை. கோத்தாரி, பண்டாரி, மேத்தா என்று மளமளவென்று சொல்வார்கள். கோத்தாரி என்றால் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். பண்டாரி பண்டகசாலை பார்த்தவர். மேத்தா கணக்கு எழுதியவர். மராட்டியில் குல்கர்னியும் கணக்கர்தான், ஊர்க்கணக்கர். பட்டேல் ஊர்த் தலைவர். ஜோஷி ஜோதிடம் பார்த்த குடும்பம். திரிவேதி மூன்று வேதம், சதுர்வேதி நான்கு வேதம். காந்தி என்ற பெயருக்கே குஜராத்தியில் வாசனைப் பொருள், மளிகை விற்றவர் என்றுதான் பொருள். பார்சிகள் வெள்ளைக்காரன் காலத்துத் தொழில்களையே பெயராக்கிக்கொண்டார்கள். கான்டிராக்டர், இன்ஜினியர் எல்லாம் அப்படி வந்தவைதான்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை மராட்டியில் 'கர்' என்று முடிகிற பெயர்கள். நாம் மதுரைக்காரர், காசிமேட்டுக்காரர் என்கிறோமே, அதே மாதிரி. மங்கேஷ்கர் என்றால் கோவாவில் உள்ள மங்கேஷி ஊர்க்காரர். அம்பேத்கர் என்ற பெயருக்குள் ரத்னகிரிப் பக்கத்து அம்படவே கிராமம் இருக்கிறது. எந்த ஊரிலிருந்து கிளம்பி எங்கே போனாலும் ஊர் கூடவே வருகிறது. அழகான ஏற்பாடு.

ஆக, இந்தப் பெயர்களில் வரலாறு இருக்கிறது. அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் கணக்கு எழுதிய கொள்ளுத்தாத்தா போய்ச் சேர்ந்து நூறு, இருநூறு வருஷம் ஆகியிருக்கும். இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்கிறவருக்குத் தொழிலா தெரிகிறது? பெரும்பாலும் சாதிதான் தெரிகிறது. வீடு வாடகைக்குக் கேட்டாலும் வேலைக்கு மனு போட்டாலும் பெயரின் கடைசிச் சொல்லை வைத்தே ஆளை எடை போட்டுவிடலாம். அதனால்தான் பிகாரில் எத்தனையோ குடும்பங்கள் பழைய பெயரை விட்டுவிட்டுக் குமார், குமாரி என்று போட்டுக்கொண்டன. வடக்கில் இருப்பவர்களே கழற்றிப் போட வழி தேடுகிறபோது, நாம் போய் எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டுமா?

நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டாரே, நமக்கும் இருந்தது. ஜார்ஜ் டவுனில் தம்புச்செட்டித் தெரு, லிங்கிச்செட்டித் தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு என்று வரிசையாக நடந்து பாருங்கள், அந்தக் காலத்தில் பெயர்கள் எப்படி இருந்தன என்று தெரியும். நம் வண்ணாரப்பேட்டைப் பெயரே துணி வெளுத்தவர்களால் வந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பெரியாரே தன் பெயரிலிருந்த நாயக்கரை எடுத்தார். அதற்கப்புறம் ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறைக்குள் கோடிக்கணக்கான பேர் வெறும் முதலெழுத்தோடு பள்ளிக்கூடம் போனோம். வருகைப் பதிவேட்டில் எஸ். குமாரும் கே. குமாரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். யார் எந்தச் சாதி என்று அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தப் பத்திரிகையில் இருந்த தாத்தாவின் பிள்ளைகள் பட்டத்தைப் போடாமல் விட்டது மறதியால் இல்லை அண்ணா, வேண்டாம் என்றுதான் விட்டார்கள்.

முதலெழுத்து என்றால் அது அப்பா பெயர்தான் என்றும் இல்லை. எங்கள் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய. அவர்களுக்கு முன்னால் நிற்கும் எழுத்து 'இண்டி பேரு', அதாவது வீட்டுப்பெயர், தலைமுறை தலைமுறையாக மாறாமல் வருவது. நம் சென்னை செஸ் பிள்ளைகளையே பாருங்கள். பிரக்ஞானந்தாவின் ஆர், அப்பா ரமேஷ்பாபு. 2024இல் உலக சாம்பியன் ஆன குகேஷின் டி, தொம்மராஜு என்ற வீட்டுப்பெயர். வெளிநாட்டுப் பட்டியலில் இரண்டும் ஒரே மாதிரி ஓர் எழுத்துத்தான்.

அப்பா பெயரை சர்நேமாகப் போடுவது ஏதோ தப்பு, வேறு வழியில்லாமல் செய்வது என்று பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம். ஜான்சன் என்றால் ஜானின் மகன் என்றுதான் அர்த்தம். ராயபுரத்தில் நாம் பார்க்கிற பெர்னாண்டஸ், ரோட்ரிக்ஸ் என்ற போர்த்துகீசியப் பெயர்களும் பெர்னாண்டோவின் மகன், ரோட்ரிகோவின் மகன் என்று பிறந்தவைதான். ஐஸ்லாந்தில் இன்றைக்கும் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா அல்லது அம்மா பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்கிறார்கள், ஒவ்வொரு தலைமுறைக்கும் அது மாறுகிறது. தொலைபேசிப் புத்தகம் அச்சடித்த காலத்தில் அதில்கூட அவரவர் சொந்தப் பெயரின் வரிசைதான். ஒரு நாடே நம்மைப் போல இருக்கிறது.

கட்டத்தைக் காலியாக விடலாமே என்றால், அதில் சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் அதையே சர்நேமாக எடுத்துக்கொண்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எப்என்யூ' என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. 2022 நவம்பரில் அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, எங்கள் கடைக்கு ஓடிவந்தவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. பான் கார்டு விண்ணப்பத்திலும் வெறும் முதலெழுத்து செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும்.

முதலெழுத்தில் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. என் டிசியில் அப்பாவின் எழுத்து, ரேஷன் கார்டில் வீட்டுக்காரர் எழுத்து. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். கல்யாணம் ஆனதும் பெண்ணுக்கு மட்டும் எழுத்தை மாற்றுவது நியாயமே இல்லை. என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அம்மா, அப்பா இரண்டு பேர் எழுத்தும் இருக்கிறது. மகள் கல்யாணத்துக்கு அப்புறமும் அதுவேதான் இருக்கும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

கொருக்குப்பேட்டைப் பெண் ஒருத்தி நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போனாள். சர்நேம் இடத்தில் அப்பா பெயர் முனுசாமி என்று நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். லீவில் வந்தவள் கடைக்கு வந்தாள். "அங்க என்ன மிஸ் முனுசாமின்னுதான் கூப்பிடறாங்கக்கா. மொதல்ல யாரையோ கூப்பிடறாங்கன்னு சும்மா இருந்துட்டேன். அப்பா போன வருஷம் தவறிட்டாரு. இப்ப அந்தப் பேரு காதுல விழுந்தா நல்லா இருக்கு" என்றாள். அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்.

பிள்ளை பெற்றிருப்பவர்களுக்கு ஒரு விஷயம். பிறப்புச் சான்றிதழில் பெயரைப் பதிய 12 மாதம் வரை கட்டணம் இல்லை. அதற்கு மேல் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரை பதியலாம். பதியும்போதே அம்மா பெயரோ அப்பா பெயரோ, இரண்டுமோ, முழுசாக விரித்து எழுதிவிடுங்கள். ஆதார், பாஸ்போர்ட், மார்க் ஷீட் எல்லாவற்றிலும் எழுத்து பிசகாமல் அதே பெயர் வரட்டும். ஏற்கெனவே குழப்பம் ஆகியிருந்தால் இருக்கிற சான்றிதழ்களையெல்லாம் எடுத்துக்கொண்டு கடைக்கு வாங்க, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பத்திரிகை கொண்டுவந்த அண்ணாவும் இதைப் படித்தால், மகளைக் கூட்டிக்கொண்டு வாங்க. அவளுக்கு என்ன பெயர் வேண்டும் என்று நான் இன்னும் கேட்கவில்லை.